தம்ளர் தண்ணீரில் ஒரு நுழைவுத் தேர்வு

கோயமுத்தூரில் இறங்கியது, கேரள எல்லையில் வேலந்தாவளம் தாண்டியதும் பனைமரங்களைப் பார்த்து மனசு இளகியது, இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். விட்டுவிடுகிறேன். ஒரு எவர்சில்வர் தம்ளரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு 81 வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளைகள் இல்லை. போன ஆடியில் வாசலில் வழுக்கி விழுந்ததிலிருந்து தனியாக இருக்கப் பயம். பாலக்காடு டவுனை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் டல்லாஸிலிருந்தே போனில் பேசி, டெபாசிட்டும் கட்டிவிட்டேன். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "நடப்பாங்கல்லே?" நடப்பார் என்றேன்.

பெட்டி படுக்கையோடு போய் இறங்கினால், மேனேஜர் ஒரு தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அத்தை கையில் கொடுத்தார். "அம்மா இதையும் எடுத்துட்டு டைனிங் ஹால் வரை ஒண்ணு போயிட்டு வரட்டும்." நடுவில் மூன்று படிகள், கைப்பிடி கிடையாது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்த அத்தை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். இரண்டாம் படியில் தளும்பியது. மேனேஜர் அத்தை முகத்தைப் பார்க்கவே இல்லை, தரையில் சிந்திய ஈரத்தைப் பார்த்தார்.

அப்புறம்தான் விதிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய லோக்கல் கார்டியன் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பைஸ்டாண்டர், அதாவது கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள், நாங்களே வைக்க வேண்டும். கிடப்பாகிவிட்டால், அதாவது படுத்த படுக்கையானால், மூன்றே நாளில் கூட்டிப் போய்விட வேண்டும். எதுவும் காகிதத்தில் இல்லை.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. டெக்சஸில் ஒரு அசிஸ்டட் லிவிங்கில், அதாவது அன்றாட வேலைக்குக் கை உதவி தரும் முதியோர் இல்லத்தில், அட்மிஷன் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். அங்கே லைசென்ஸே இரண்டு வகை. டைப் ஏ என்றால், தீப்பிடித்தால் யார் உதவியும் இல்லாமல் வெளியேறத் தெரிந்தவர்களுக்கு. டைப் பி என்றால் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகலாம், ராத்திரியும் ஆள் கவனிக்க வேண்டியவர்கள் இருக்கலாம், ஆனால் நிரந்தரமாகப் படுக்கையோடு இருப்பவருக்கு அதிலும் பொதுவாக இடமில்லை. அதாவது நாங்களும் அனுப்புகிறோம். எத்தனையோ மகள்களிடம் அந்தச் செய்தியைச் சொன்ன வாய்தான் இது. ஆனால் யாரை எடுப்போம், எப்போது அனுப்புவோம் என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்த பிறகுதான் பணப்பேச்சு. அனுப்புவதானால், அவசரம் இல்லாத பட்சத்தில், 30 நாள் முன்னால் எழுத்தில் சொல்லியாக வேண்டும். தம்ளர் கிடையாது.

அரசு இல்லத்தைப் பார்க்கலாமே என்றார் சித்தப்பா. 2007ஆம் வருட முதியோர் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேராவது தங்கும்படி மாநில அரசு கட்டலாம் என்கிறது. ஆனால் அது ஆதரவற்றவர்களுக்கு. பென்ஷன் வாங்கும் டீச்சர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இதில் வேடிக்கை, விழுந்த சமயத்தில் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ், நீண்ட நாள் நோயாளிகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர், வீடு தேடி வந்து காலுக்குக் கட்டு மாற்றியிருக்கிறார், ஒரு பைசா வாங்காமல். டல்லாஸில் அந்த மாதிரி ஒரு விசிட்டுக்கு இன்ஷூரன்ஸோடு மல்லுக்கட்டியே பாதி உயிர் போகும். வீட்டில் கிடப்பானால் நர்ஸ் படியேறி வருகிறார். இல்லத்தில் கிடப்பானால் படியிறக்கி விடுகிறார்கள்.

அத்தையோ அந்த இல்லத்திலேயேதான் இருப்பேன் என்றார். பக்கத்து அறையில் அவரோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். "படியில நான் இறங்குனாத்தான, கண்ணு, தண்ணி தளும்பும்? சோத்த ரூமுக்கே கொண்டாந்தா என்னவாம்?" மேனேஜர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் நானே எழுதினேன். கிடப்பானால் 30 நாள் என்று போட்டேன். அவர் அடித்துவிட்டு 3 என்றார். சந்தையில் பனங்கிழங்குக் கட்டுக்குப் பேரம் பேசுகிற மாதிரி அரை மணி நேரம் இழுத்து 10இல் வந்து நின்றது. லோக்கல் கார்டியன் இடத்தில் சித்தப்பா மகன் கையெழுத்துப் போட்டான். அவன் இருப்பது பொள்ளாச்சியில், பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.