பேக்கப்புக்குத் திரும்புவதா, டிஸ்க்கைக் கழற்றிச் சரிசெய்வதா?

2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான அப்டேட்டால், முடங்கும்போது வரும் நீலத்திரையில் மாட்டிக்கொண்ட விண்டோஸ் மெய்நிகர் கணினிகளுக்கு (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளுக்கு) முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, அந்த அப்டேட் வெளியான 04:09 யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) முந்தைய பேக்கப்புக்குத் திரும்புவது. சுலபம்தான், ஆனால் அதற்குப் பின் எழுதப்பட்ட தரவு போய்விடும். வெப் சர்வர் என்றால் சரி, டேட்டாபேஸ் என்றால் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, விண்டோஸ் இருக்கும் ஓஎஸ் டிஸ்க்கைக் கழற்றி, ஒழுங்காக ஓடும் வேறொரு மெய்நிகர் கணினியில் இணைத்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரில் ‘சி-00000291’ என்று தொடங்கும் கோப்பை மட்டும் அழித்துவிட்டு, டிஸ்க்கைத் திரும்ப மாட்டுவது. தரவு அப்படியே இருக்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ வேண்டும். அதைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடலாம். நூறு சர்வர்கள் என்றால் ஸ்கிரிப்ட் எழுதாமல் ஆகாது.

என் ஓட்டு இரண்டாவதற்கு. அப்புறம், கை வைக்கும் முன் பழுதான டிஸ்க்கையும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுத்துவிடுங்கள்.