காலி ஊசியோடு மூன்று வாரம்

விமானம், ரயில், வாடகை வேன் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன, எழுத ஒன்றுமில்லை. ஜனவரியில் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் போனவர்களுக்கு மஸ்கெலியா ரோட்டில் சிவனொளிபாதமலை யாத்திரை பஸ்கள் எப்படி நிற்கும் என்று தெரியும், அதையும் விடுங்கள். இந்தத் தடவை லண்டனிலிருந்து ஊருக்குப் போய் நின்ற மூன்று வாரமும் என் மண்டையைக் குடைந்தது ஒரு காலி ஊசிப் பேனா.

எனக்கு மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம் வந்து ஆறு வருஷம். லண்டனில் முதலில் மெத்தோட்ரெக்சேட் குளிசை தந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும், 2.5 மில்லிகிராம் குளிசை எட்டு. வெள்ளி இரவு போட்டால் சனிக்கிழமை முழுக்கக் குமட்டல், ஞாயிறு மத்தியானம்தான் ஆள் தெளியும். கை, கால் நன்றாக இருந்த ஒரு மாதத்தில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். நாலு மாதம் ராணி மாதிரி இருந்தேன். அப்புறம் ஒரு நாள் விடிய எழும்பி கேத்தலைத் தூக்கப் பார்த்தால் விரல் மடங்கவில்லை. கல்யாண மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டும் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்கள்.

டொக்டர் சத்தம் போடவில்லை. அதே மருந்தை, நாமே அழுத்திப் போடுகிற பேனா மாதிரியான ஊசியாக மாற்றித் தந்தார். குளிசையின் அளவு கூடக்கூட குடல் அதை முழுசாக இழுக்காதாம். தோலுக்கு அடியில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை, பலருக்குக் குமட்டலும் குறையும் என்றார். தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கொருமுறை இரத்தம் குத்தி ஈரலும் இரத்த அணுக்களும் பார்த்தார்கள். ஒன்பதாம் வாரம் கேத்தல் திரும்பக் கைக்கு வந்தது.

அங்கே மாதக் கணக்குக்கு வேன் வரும். புதுப் பேனாக்களைத் தந்துவிட்டு, பாவித்த பேனாக்கள் நிரம்பிய ஊதா மூடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும். இது சாதாரண ஊசியல்ல, உயிர்க்கலங்களைத் தாக்குகிற மருந்து, அதனால்தான் ஊதா மூடி. அந்த வேன்காரன் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை என்று நான் திட்டாத நாளில்லை. அவனை நினைத்து ஏங்குவேன் என்று யார் கண்டது?

மூன்று வாரத்துக்கு மூன்று பேனா, ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு கைப்பையில் வந்தன. வீட்டில் கால் வைத்த அன்றே அண்ணி அவற்றை எடுத்து மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார். "ஊசி மருந்துன்னா குளிர்லதான இருக்கணும்?" அவரைக் குறை சொல்ல முடியாது. இதே வருத்தத்துக்கு அடாலிமுமாப் என்ற வேறு ஊசி போடுகிறவர்கள் அதை 2 முதல் 8 பாகைக்குள்தான் வைக்க வேண்டும். என்னுடையதற்கு 25 பாகைக்குக் கீழே இருந்தால் போதும். ஹட்டன் ஜனவரிக் குளிருக்கு அலுமாரியே ஃபிரிட்ஜ்தான்.

முதல் வெள்ளி இரவு வயிற்றுச் சதையைப் பிடித்து, பேனாவை அழுத்தி, ஐந்து எண்ணி எடுத்தேன். கண்ணாடிக்குள் இருந்த மஞ்சள் தண்ணி இறங்கிவிட்டது. சரி, இனி இதை எங்கே போடுவது?

"பின்னால குழியில போடுங்க அத்தை, நாளைக்கு எரிப்போம்" என்றான் மருமகன். அந்தக் குழியில் இரண்டு நாய்களும் நாலு வீட்டுப் பிள்ளைகளும் குடியிருக்கிறார்கள். முடியாது என்று காலி ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றுக்குள் போட்டு மூடி இறுக்கினேன்.

மறுநாள் டவுனில் ஒரு பார்மசி. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பையன் போத்தலைப் பார்த்து, "இது என்னா, விக்கிறீங்களா?" என்று கேட்டான். அடுத்த பார்மசியில் "நாங்க குடுப்போம், எடுக்க மாட்டோம்." தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கவுண்டர்ப் பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். அங்கே நிச்சயம் ஊசிப் பெட்டி இருக்கிறது, எனக்கே தெரிந்தது. ஆனால் வெளி ஊசி வாங்குகிற வழக்கமில்லை, டொக்டரைச் சனல் பண்ணிவிட்டு, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்துவிட்டு, உள்ளே போய் அவரிடம் கேளுங்கள் என்றாள். குப்பை போட ஒரு டொக்டரைச் சனல் பண்ணுவதா? நம்பர் 34 வரும் என்றும் சொன்னாள். மருமகனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "லண்டன் குப்பைக்கும் நம்பர் எடுக்கணும் அத்தை" என்று ஓட்டோ ஓட்டிக்கொண்டே எல்லாருக்கும் சொன்னான். அடுத்த வெள்ளி போத்தலுக்குள் இரண்டு பேனா.

இதற்கு நடுவில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். சின்னம்மா இன்னும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான். வாசலில் அதே கல், அதே தேயிலைச் சாயம், தேத்தண்ணிக்கு அதே சீனித் துண்டு. கையைப் பிடித்ததும் எனக்குத் திக்கென்றது. கொழுந்து எடுத்துக் காய்த்த கை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். விரல் கணுக்கள் வீங்கி, மணிக்கட்டு சுட்டது. என் கை நாலு மாதத்தில் போன இடம்.

"ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க, நிப்பாட்டிட்டேன்" என்று தகரப் பெட்டியிலிருந்து இரண்டு கடதாசி உறை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் சின்னச் சின்ன மஞ்சள் குளிசை. ஒன்று மெத்தோட்ரெக்சேட், மற்றது அதோடு சேர்த்துக் கொடுக்கிற விட்டமின், ஃபோலிக் அமிலம். உறைகளின் மேலே சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பேரனிடம் வாசிக்கச் சொன்னாராம், அவன் ஒரு நாள் ஒன்று சொல்ல, மறுநாள் வேறு சொல்ல, எது கிழமைக்கு, எது தினம் என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிழமைக்கு ஒரு நாள் போடுவதைத் தினமும் போட்டு எலும்பு மச்சை கெட்டு உயிர் போன கதைகள் இந்த மருந்துக்கு உண்டு. சின்னம்மாவின் குழப்பம் அவரைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். தமிழர் இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒரு வரி தமிழில் எழுத என்ன கஷ்டம் என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். "கத்தாத, ரத்தம் குத்த மருமகளையும் கூட்டிட்டுப் போகணும். அவளுக்கு ஒரு பேர் போயிரும்" என்றார். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கடைசி வாரம் மூன்றாவது பேனாவும் போத்தலுக்குள் விழுந்த பிறகு, சின்னம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். ஆறரைக்கே வரிசை. கிளினிக் கொப்பி, வாங்கு, நம்பர் துண்டு, பழைய கூத்துதான். பத்தரைக்கு உள்ளே விட்டார்கள். மேசையில் ஒரு சிங்கள நர்ஸ் மிஸ். நான் போத்தலைக் காட்டி லண்டன், ஊதா மூடி, கலத்தைத் தாக்கும் மருந்து என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "மெத்தோட்ரெக்சேட் தானே?" என்றாள். கையுறை போட்டாள், போத்தலோடு வாங்கினாள், மூடிக்கு மேல் பிளாஸ்டர் சுற்றி மருந்தின் பெயரை எழுதினாள். அதை மற்ற ஊசிகளோடு கலக்காமல் தனியாக வைத்தாள். நம்பர் கேட்கவில்லை. மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். வேன்காரன் வாழ்நாளில் செய்யாத வேலை. எனக்குக் கண் கலங்கியது, அது தூக்கமில்லாததாலும் இருக்கலாம்.

டொக்டர் சின்னம்மாவின் கையைப் பார்த்து, இரத்தப் பரிசோதனை வராமல் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று துண்டு எழுதினார். வெளியே வந்ததும் அதே மிஸ்ஸிடம் உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். மருந்து தரும் நாளில் வாருங்கள், செவ்வாய்க்குச் செவ்வாய் என்று நானே எழுதுகிறேன் என்றாள். பிறகு சின்னம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, ஏன் கேக்காம மருந்து நிப்பாட்டினது?"

சின்னம்மா அசரவில்லை. விரலை என் பக்கம் நீட்டி, "இவளும்தான் நிப்பாட்டினா. இவ லண்டன்ல இருக்கா" என்றார்.