பாத்திரம் இறக்கக் குரோஷே பிடிதுணி: எந்த நூல், எந்தப் பின்னல்?

எங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க எப்போதும் கரித்துணிதான். பழைய வேட்டியில் கிழித்தது; நான்காக மடித்தால் வேலை முடிந்தது. அதற்குப் பதிலாகக் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், அழகாக ஒன்று பின்னுவோம் என்று உட்கார்ந்தபோது நான் முதலில் கோட்டைவிட்டது நூலில். ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். நிறம் கண்ணைப் பறிக்கும், விலையும் குறைவு. பின்னி முடித்த பெருமையோடு, காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லின் விளிம்பை அதை வைத்துப் பிடித்தேன். கண்ணிகள் இளகிக் கல்லில் ஒட்டிக்கொண்டன. விரல் தப்பியது.

வாங்கிய நூல் எது என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை நறுக்கி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கெட்டியான கறுப்பு மணியாக இறுகும். அந்த மணி உங்கள் தோலில் விழுந்திருந்தால் எப்படி என்று யோசித்தால் போதும், அக்ரிலிக் பந்தயத்திலிருந்து வெளியேறிவிடும்.

வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பருத்தியைவிடக் கம்பளிக்கே முதலிடம். இழைகளுக்கு நடுவே நிறைய காற்றைத் தேக்கும், உருகாது, எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் நம் ஊரில் அசல் கம்பளி நூல் கிடைப்பதே அபூர்வம், விலையும் கடிக்கும். எண்ணெயும் மஞ்சளும் ஏறிய துணியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி திரண்டு சுருங்கிவிடும். சமையலறைத் துணியை வெந்நீரில் அலசாமல் முடியுமா? அதனால்தான் பருத்தி ஜெயிக்கிறது.

பருத்தியிலும் இரண்டு வகை. பளபளப்பான குரோஷே நூல் மெர்சரைஸ் செய்தது. 1844-இல் ஜான் மெர்சர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் தோய்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த முறை அது. மேசை விரிப்புக்கு அந்த மினுமினுப்பு அருமை. பிடிதுணிக்கோ வேண்டியது பளபளப்பு இல்லாத, கொஞ்சம் பஞ்சுத்தன்மை உள்ள எட்டு இழை நூல். அந்தப் பஞ்சில்தான் காற்று தங்கும். வீட்டில் மெல்லிய லேஸ் நூல்தான் இருக்கிறதா? நான்கைந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம், பொறுமை இருந்தால். பனியன் துணியைக் கீற்றாக வெட்டிய நூல் இன்னொரு வழி. ஒரே மாலையில் முடிந்துவிடும், ஆனால் கனக்கும், துவைத்தால் லேசில் காயாது. பல கீற்றுகளில் பாலியஸ்டரும் கலந்திருக்கும், அதனால் அதற்கும் தீக்குச்சிச் சோதனை அவசியம்.

சரி, பின்னல். முதலில் ஒரு எச்சரிக்கை: அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்று சொல்லும் தையலைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் 'டபுள்' என்கிறார்கள். பிரிட்டிஷ் குறிப்பை அமெரிக்க வழக்காக நினைத்துப் பின்னினால் தையல் உயரமாகி, சல்லடை மாதிரி ஓட்டை விழும், பிடிதுணியில் அது கைச்சூட்டில் போய் முடியும். நான் இங்கே சொல்வது அமெரிக்க வழக்கு.

பூ வடிவில் வட்டமாகப் பின்னும் ஒற்றை அடுக்கு பார்க்க அழகு. மேசையில் குழம்புச் சட்டிக்கு அடியில் போடலாம். கையில் பிடிக்க வேண்டாம், இடைவெளி வழியே சூடும் ஆவியும் நேரே விரலுக்கு வரும்.

ஒவ்வொரு தையலின் தலையிலும் முன்னொன்று, பின்னொன்று என்று இரண்டு கண்ணி இருக்கும். தெர்மல் தையல் என்பது, நடப்பு வரிசையின் பின் கண்ணியோடு, முந்தைய வரிசையில் விட்டுவைத்த முன் கண்ணியையும் சேர்த்துக் கோத்து வருவது. பின்னும்போதே துணி இரட்டைத் தடிப்பாகிவிடும், ஓட்டையே இருக்காது. சூட்டைத் தடுப்பதில் எனக்குத் தெரிந்து இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் நூலை விழுங்கும். முதல் சில வரிசைகள் சுருண்டு பயமுறுத்தும், பின்னிய பிறகு மடங்கவும் மறுக்கும். வைக்கோல் பிரிமணை இருந்த இடத்துக்கு, அதாவது இறக்கிய குக்கருக்கு அடியில், இதுதான் சரி.

கையில் பிடிக்க என் ஓட்டு மடிப்புச் சதுரத்துக்கு. 10 அங்குல நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். அதன் இரண்டு பக்கமும் சிங்கிள் தையலில் சுற்றிச் சுற்றி வாருங்கள். மூலையில் கண்ணியைக் கூட்டவே கூடாது. ஏதோ தப்பாகப் போகிறது என்று தோன்றும், ஏனென்றால் துணி பை மாதிரி எழும்பும். விடுங்கள், அது அப்படித்தான். உயரம் 5 அங்குலம் ஆனதும் வாயின் ஓரங்களைக் குறுக்காக மடித்துச் சேர்த்தால், சுமார் 7 அங்குலச் சதுரம் இரண்டு அடுக்காகக் கையில் இருக்கும். மூட்டித் தைக்க வேண்டியது ஒரே கோடு. மூட்டுவதற்கு முன் உள்ளே ஒரு பழைய துண்டை வைத்தால் மூன்று அடுக்கு. அந்தத் துண்டை முதலிலேயே நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் சலவையில் அது ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம் இழுக்கும். 4 மி.மீ. ஊசி எடுக்கும் இடத்தில் 3.5 எடுத்து இறுக்கிப் பின்னினால் இன்னும் நல்லது. ஊசிக்கு அலைய வேண்டாம். போனி பிராண்டு ஊசிகள் நீலகிரியில் கேத்தியில் தயாராகிறவைதான்.

எந்தப் பின்னலானாலும் ஈரம் பட்டால் போச்சு. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்று தங்கியிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் மூன்று அடுக்கும் வீண். பருத்தி உருகாதே தவிர தீப்பிடிக்கும், அதனால் ஓரத்தில் குஞ்சம், தொங்கல் எல்லாம் கேஸ் அடுப்புக்கு ஆகாது. ஆணியில் மாட்ட ஒரு சின்ன வளையம் போதும்.

இத்தனைக்குப் பிறகும் பிடியில்லாத பால் பாத்திரத்துக்கு இடுக்கிதான் எடுக்கிறேன். தடித்த பின்னலுக்குள் விரலுக்கு விளிம்பு தட்டுப்படாது. சோறு வடிக்கும்போது பழைய கரித்துணிதான். கஞ்சி வழிந்து சுட்டால் அதை அப்படியே உதறிப் போட்டுவிடலாம். குரோஷே பிடிதுணி கஞ்சியைக் குடித்துக்கொண்டு கையோடு ஒட்டி நிற்கும்.