லைன் இல்லாத காட்டில் எதை நம்பிப் போவது?

பல நாள் நடையாக மலேசியாவின் குனோங் தஹான் மலைக்குப் போகிறவர்கள், செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்ப எந்தக் கருவியை எடுத்துப் போவது என்ற பேச்சு இது.

முதலில் ஐபோன். 14-வது மாடலிலிருந்து செயற்கைக்கோள் வழி எஸ்ஓஎஸ் இருக்கிறது, சரி. ஆனால் ஆப்பிள் அதை நாடு பார்த்துத்தான் திறந்துவிடுகிறது. இதை எழுதும்போது மலேசியா அதில் இல்லை.

அடுத்தது பிஎல்பி, அதாவது இருக்கும் இடத்தைக் காட்டி உதவி கேட்கும் சிறு அவசரக் கருவி. சந்தா கிடையாது, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். உயிருக்கு ஆபத்து என்றால் இதைவிட உறுதியானது இல்லை. ஆனால் காட்டில் பெரும்பாலும் நாம் சொல்ல வேண்டியது அதுவா? மலைக்குப் போகும் கோலத் தஹான் பாதையில் சுங்கை தஹான் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும். மழையில் ஆறு ஏறினால் கரையிலேயே முடங்க வேண்டியதுதான். 'ஒரு நாள் தாமதம், எல்லாரும் நலம்' என்ற ஒரு வரி வீட்டுக்குப் போகாவிட்டால், அம்மா போலீசுக்குப் போய்விடுவார். பிஎல்பியால் அந்த வரியை அனுப்ப முடியாது. ஸ்பாட் ஜென்4 என்ற கருவி அனுப்பும், பதில் வாங்காது. போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தூங்குவது எனக்கு ஒத்துவராது.

அனுப்பவும் பதில் வாங்கவும் முடிகிற கருவிகளில் மிச்சம் இரண்டு: கார்மின் இன்ரீச் மினி 2, ஸோலியோ. இரண்டுக்கும் இரிடியம் என்ற செயற்கைக்கோள் வலையமைப்புதான். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 செயற்கைக்கோள்கள் செய்தியைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வதால், பக்கத்தில் தரைநிலையம் வேண்டியதில்லை. அப்படியும் அடர்ந்த மரக்கூரையின் கீழ் இரண்டும் திணறும். ஆற்றங்கரையிலோ மலைமுகட்டிலோ வானம் தெரியும் இடத்தில், ஆண்டெனா மேலே பார்க்கப் பையின் தோள்பட்டையில் மாட்டிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும்.

ஸோலியோவில் கைத்தொலைபேசியிலேயே எழுதுவதால் தட்டச்சு சுகம்; தனி எண்ணும் உண்டு, வீட்டார் சாதாரண எஸ்எம்எஸ் போலவே பதில் போடலாம். ஆனால் கருவியில் திரை கிடையாது. கைத்தொலைபேசி நனைந்து செத்துவிட்டால், 'நலம்' என்ற பொத்தானும் எஸ்ஓஎஸ்ஸும்தான் மிஞ்சும். மினி 2-இல் ஒவ்வோர் எழுத்தாகப் பொத்தானை அழுத்தித் தேடுவது எரிச்சல்தான். ஆனாலும் போன் இல்லாமலே எழுதலாம், பதிலும் படிக்கலாம். எடை 100 கிராம். நம் ஈரக்காட்டுக்கு என் ஓட்டு இதற்கே.

அப்புறம் ஒன்று. தமிழ்நாட்டுக்குப் போகும்போது இந்தச் செயற்கைக்கோள் கருவியைப் பையில் போடாதீர்கள். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். கோவா விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள்.