ஆயுட்கால வாரண்டியும் எல்லைக் கோடும்: கனடாவில் பழுதாகும் அமெரிக்கத் துப்பாக்கிக்கு நான்கு வழிகள்

கனடாவில் மான், மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் ரைபிள்களில் கணிசமானவை அமெரிக்கத் தயாரிப்புகள். ஆயுள் முழுதும் பழுது பார்த்துத் தருவோம் என்ற உறுதியோடு விற்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. சுட்ட பின் காலி உறை வெளியே வராமல் சிக்கும்போதோ, பாதுகாப்புப் பூட்டு சரியாக விழாதபோதோதான், அந்த உறுதியைத் தந்த தொழிற்சாலை எல்லைக்கு அப்பால் இருப்பது உறைக்கிறது.

அப்போது உரிமையாளருக்கு நான்கு வழிகள் உள்ளன: துப்பாக்கியை அமெரிக்கத் தொழிற்சாலைக்கே அனுப்பலாம், கனடாவில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கொடுக்கலாம், பழுதான பாகத்தை மட்டும் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம், வாரண்டியை மறந்துவிட்டு உள்ளூர்ப் பட்டறையில் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்நாட்டில் உதிரிப்பாகக் கையிருப்போடு நடக்கும் மையத்தின் ஐந்தாண்டு வாரண்டி, எல்லைக்கு அப்பாலிருந்து தரப்படும் ஆயுட்கால வாரண்டியைவிட மேலானது.

சுங்க வரிதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றுக்குமான வர்த்தக ஒப்பந்தத்தின்படி, பழுது பார்க்கப்போய்த் திரும்பும் பொருளுக்கு வரி கிடையாது. சாதாரண வேட்டைத் துப்பாக்கி அமெரிக்காவுக்குப் போகக் கனடிய ஏற்றுமதி அனுமதியும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. சிக்கல் அது திரும்பி வரும் திசையில் இருக்கிறது. ராணுவக் கூட்டாளியாயிற்றே, கனடாவுக்கு விலக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பல பொருள்களுக்கு இருக்கவும் செய்கிறது. ஆனால் வட, தென் அமெரிக்கக் கண்ட நாடுகள் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பின் துப்பாக்கி உடன்படிக்கையை ஒட்டி எழுதப்பட்ட அமெரிக்க விதிகள், கனடாவுக்குப் போகும் துப்பாக்கிக்கும் அதன் முக்கிய பாகங்களுக்கும் உரிமம் கேட்கின்றன. அதோடு கனடிய வெளியுறவுத் துறை தரும் சர்வதேச இறக்குமதிச் சான்றிதழும் வேண்டும்.

2020 மார்ச் 9 வரை நிலைமை இன்னும் கடினம். வேட்டைத் துப்பாக்கிகளும் ராணுவத் தளவாடப் பட்டியலில், அமெரிக்க வெளியுறவுத் துறையின் கீழ் இருந்தன. உதிரிப்பாகத்தை உரிமமின்றி அனுப்ப உச்சவரம்பு மொத்த விற்பனை விலையில் 100 டாலர். குழாய், ரிசீவர் (இயக்கப் பாகங்கள் அமரும் உடற்பகுதி) போன்றவற்றுக்கு அந்தச் சலுகையும் இல்லை. அந்த நாளில்தான் பெரும்பாலான அரைத் தானியங்கி, தானியங்கியல்லாத துப்பாக்கிகள் வணிகத் துறையின் பட்டியலுக்கு மாறின. விண்ணப்பக் கட்டணம் இல்லை. உச்சவரம்பும் 500 டாலராக உயர்ந்தது.

அதற்குப் பிறகும் விதிகள் நிலையாக நிற்கவில்லை. 2023 அக்டோபர் 27 அன்று வணிகத் துறை புதிய துப்பாக்கி ஏற்றுமதி உரிமங்களை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தது. கனடா அந்த நிறுத்தத்துக்குள் வரவில்லை. ஆனால் 2024 மே 30 முதல் உரிமத்தின் செல்லுபடிக் காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து ஓராண்டாகச் சுருங்கியது. நான்காண்டுக்கு ஒருமுறை செய்த வேலையை ஆண்டுதோறும் செய்ய வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் இறுதியில் அந்த விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. மூச்சு விடுவதற்குள், அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள்கள் அமெரிக்க அரசு முடங்கியது. அவசரத் தேவைகள் தவிர உரிம விண்ணப்பங்கள் தேங்கின. அந்த மாதங்கள்தான் கனடாவில் வேட்டைப் பருவம்.

இந்தப் பின்னணியில் முதல் வழியைப் பார்ப்போம்.

தொழிற்சாலைக்கு அனுப்புவதன் பலம் தெளிவானது. ரிசீவரில் விரிசல், குழாய் கோணலாகப் பொருத்தப்பட்டிருப்பது, தோட்டா அமரும் இடத்தின் அளவு பிசகியிருப்பது போன்ற கோளாறுகளை அளக்கும் கருவிகளும் மாற்றும் பொறுப்பும் அங்கேதான் இருக்கின்றன. பழுது பார்த்த பொருளை உரிமையாளருக்கே திருப்பி அனுப்புவதற்கென அமெரிக்க விதிகளில் ஓர் உரிம விலக்கும் உண்டு. அது நிபந்தனைகளோடு வருகிறது. துப்பாக்கியின் அடிப்படைத் தன்மையோ செயல்திறனோ மேம்படக் கூடாது. போனதுதான் போகிறது, இன்னும் நல்ல விசையாக (ட்ரிக்கர்) போட்டு அனுப்புங்கள் என்று கேட்க முடியாது. விலக்குக்குள் வருமா வராதா என்று முடிவெடுப்பது தயாரிப்பாளரின் ஏற்றுமதிப் பிரிவு. பிழை நேர்ந்தால் பொறுப்பும் அவர்களுடையது. வேண்டுமென்றே மீறினால் ஒரு மீறலுக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை. ஒரு வாடிக்கையாளரின் ரைபிளுக்காக எந்த அலுவலரும் சந்தேகத்தின் பலனை நமக்குத் தரப்போவதில்லை. உரிமமே கேட்டுவிடுவோம் என்பார். 1995ஆம் ஆண்டின் 12981ஆம் நிர்வாக ஆணைப்படி விண்ணப்பம் 90 நாள்களுக்குள் தீர வேண்டும். கூடுதல் தகவல் கேட்டு நிறுத்திவைக்கும் நாள்கள் அந்தக் கணக்கில் சேராது.

இந்த வழியின் பெரிய பொறி, தொழிற்சாலை பழுது பார்க்காமல் புதிய துப்பாக்கியாக மாற்றித் தர முன்வருவது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு அது பரிசு. கனடியருக்கு அது வேறு வரிசை எண் கொண்ட வேறொரு துப்பாக்கி. காகிதங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கைத்துப்பாக்கி என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். 2022 ஆகஸ்ட் 19 முதல் தனிநபர் கைத்துப்பாக்கி இறக்குமதி தடுக்கப்பட்டது. அக்டோபர் 21 முதல் தனிநபர்களுக்கிடையே விற்பனையும் கைமாற்றமும் உறைந்தன. ஒலிம்பிக் பிரிவுப் போட்டியாளர்கள் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, புதிய வரிசை எண்ணைத் தன் பெயரில் பதிவுசெய்ய ஒரு சாதாரண உரிமையாளரால் முடியாது. ஆகவே கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லையைத் தாண்டும் எந்த வாரண்டிப் பேச்சுக்கும் ‘மாற்றித் தர வேண்டாம், பழுது மட்டும் பாருங்கள்’ என்று எழுத்தில் வாங்காமல் தலையாட்டக் கூடாது. என்னைக் கேட்டால், அனுப்பவே கூடாது.

இரண்டாவது வழியான கனடிய சேவை மையத்தின் நன்மை, எல்லைப் பிரச்சினையை உங்களுக்கு முன்பே வேறொருவர் சுமந்துவிட்டார் என்பது. விநியோகஸ்தர் உரிமம் எடுத்து மொத்தமாகப் பாகங்களை இறக்கி அலமாரியில் வைத்திருப்பார். உங்கள் துப்பாக்கி நாட்டைவிட்டு நகராது. அலமாரியில் பாகம் இருந்தால், இதற்கு ஈடாக வேறு வழி இல்லை. இல்லாவிட்டால் நீங்கள் நிற்பது தொழிற்சாலை வரிசையில்தான். அதுவும் உங்கள் குரல் தொழிற்சாலைக்கு நேரே எட்டாத தூரத்தில். வாங்கும் முன் டீலரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை ஆண்டு வாரண்டி?’ என்பதல்ல, ‘இந்த மாடலுக்குச் சுடும் ஊசி, ஸ்பிரிங், காலி உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் இந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது?’ என்பது. பதில் சொல்லத் தடுமாறும் டீலர் நல்ல தகவல்தான் தந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஐரோப்பியத் துப்பாக்கிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பின்லாந்தின் ரீஹிமாக்கியில் தயாராகும் டிக்கா ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு விதிமுறை ஏற்றுமதி அனுமதிக்கு 60 வேலை நாள்களும், விதிவிலக்காக 90 வேலை நாள்களும் எடுத்துக்கொள்ள இடம் தந்தது. காகிதத்தில் அமெரிக்காவைவிட வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அட்லாண்டிக்கைக் கடந்து ஒற்றை ரைபிளை அனுப்பி வாங்குவது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், வாரண்டி வேலை இறக்குமதியாளர் தலையில்தான் விழுகிறது. எல்லை பக்கத்தில்தானே என்ற மெத்தனம் அமெரிக்க நிறுவனங்களுக்கு வருவதுபோல் இவர்களுக்கு வர வழியில்லை. அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் இன்னும் சுவாரசியமானது: அதன் சிறு தோட்டா ரைபிள்கள் ஒன்டாரியோவின் லேக்ஃபீல்டில் தயாராகின்றன, பெரிய வேட்டை ரைபிள்கள் மாசச்சூசெட்ஸின் வெஸ்ட்ஃபீல்டில். பெயர் ஒன்று, ஆனால் உதிரிப்பாகம் எல்லையின் எந்தப் பக்கத்தில் பிறக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறுகிறது.

மூன்றாவது வழி, பாகத்தை மட்டும் வரவழைப்பது. தேய்ந்த எக்ஸ்ட்ராக்டர், தளர்ந்த ஸ்பிரிங் போன்ற சின்னக் கோளாறுகளுக்கு இதுவே அறிவான வழி. 500 டாலர் வரையிலான பாகங்களைக் குறைந்த மதிப்பு விலக்கின் கீழ் அனுப்பலாம். ஒரே பெறுநருக்கு ஓராண்டில் அந்தத் தொகையைப் போல் 12 மடங்கு வரை. ஒரு பெரிய ஆர்டரை இரண்டாக உடைத்து வரம்புக்குள் நுழைப்பது விதிமீறல். இவ்வளவு இடம் இருந்தும், பல அமெரிக்கச் சில்லறைக் கடைகள் ‘கனடாவுக்கு அனுப்புவதில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அவர்கள்மீது கோபம் வருவது இயல்பு, ஆனால் நியாயமில்லை: 15 டாலர் ஸ்பிரிங்குக்காகப் பட்டியல் எண் தேடி, விலக்கு படித்து, பதிவேடு வைத்து, பத்து லட்சம் டாலர் அபராதத்தையும் தலைமேல் தொங்கவிட எந்தக் கடைக்காரருக்கும் அவசியமில்லை. தயாரிப்பாளர்களிலும் பலர் விசைத் தொகுதி போன்ற பாதுகாப்பு சார்ந்த பாகங்களைத் தனியாக விற்பதில்லை. துப்பாக்கியையே அனுப்பச் சொல்வார்கள். கனடியப் பக்கத்திலும் ஒரு மாற்றம்: 2023 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சி-21 சட்டம், குழாயையும் கைத்துப்பாக்கியின் மேற்புறம் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடையும் துப்பாக்கிப் பாகங்களாக வகுத்து, அவற்றை வாங்க உரிமம் வேண்டும் என்றாக்கியது.

உள்ளூர்ப் பட்டறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காசு உங்களுடையது, தயாரிப்பாளரின் அனுமதி இல்லாமல் கைவைத்தால் வாரண்டி போகலாம், நல்ல கைகளுக்கு முன் வரிசை நீளம். ஆனால் சில துப்பாக்கிகளுக்கு இது மட்டுமே மிச்சம். 2020இல் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் திவாலாகி அதன் பிரிவுகள் பலருக்கு விற்கப்பட்டபோது, அதன் மார்லின் ரைபிள் பிரிவைச் சுமார் 3 கோடி டாலருக்கு இன்னொரு தயாரிப்பாளரான ரூகர் வாங்கியது. அதற்கு முன் தயாரான மார்லின்களுக்கு ரூகர் சேவை தருவதில்லை. வாரண்டி அட்டையில் இருந்த ‘ஆயுள்’ யாருடையது என்பதை அந்த உரிமையாளர்கள் எல்லை தாண்டாமலேயே தெரிந்துகொண்டார்கள்.

ஆக, ரிசீவரிலோ குழாயிலோ உயிருக்கு ஆபத்தான குறை என்றால் எத்தனை நாள் ஆனாலும் தொழிற்சாலைதான். அதுவும் பருவம் முடிந்த ஜனவரியில், இறக்குமதிச் சான்றிதழ் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. சிறு பாகம் என்றால் முதலில் கனடிய விநியோகஸ்தர், அவர் கைவிரித்தால் தயாரிப்பாளரிடம் நேரடி ஆர்டர். செப்டம்பரில் பழுதானால், 150 டாலர் வாங்கினாலும் உள்ளூர்ப் பட்டறைக்கே என் ஓட்டு. ஆனால் தொழிற்சாலைக்கு மின்னஞ்சல் எழுதி, வேறொருவர் கைவைத்தால் எது மிஞ்சும் என்று கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்ட பிறகு.