வீ பேலன்ஸ் போர்டு: பலகையை வாங்கலாம், கூட வந்த விளையாட்டை விட்டுவிடலாம்

நிண்டெண்டோ நிறுவனம் தன் 'வீ' வீடியோ கேம் கருவிக்காக, 2007 டிசம்பரில் ஜப்பானில் வீ ஃபிட் என்ற உடற்பயிற்சி விளையாட்டோடு விற்ற, ஏறி நிற்கும் பலகை இது. இப்போது கைமாறியதாகத்தான் கிடைக்கும். பிசியோதெரபிக்கு விளையாட்டு எழுதுகிறவர்கள் இன்னும் இதைத் தேடுவது நான்கு மூலைகளிலும் உள்ள எடை சென்சார்களுக்காக. நான்கையும் கூட்டினால் மொத்த எடை. வலப்பக்கக் கூட்டலிலிருந்து இடப்பக்கக் கூட்டலைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால், நோயாளி எந்தக் காலில் எவ்வளவு ஊன்றுகிறார் என்று தெரியும்.

வீ ஃபிட் நல்ல உடம்புக்காரர்களுக்கு எழுதியது. அதிலுள்ள, தலையால் பந்து முட்டும் ஆட்டத்தின் வேகத்துக்குப் பக்கவாதம் வந்தவர் ஈடுகொடுக்க முடியாது. போதாததற்கு "வீ ஃபிட் வயது" என்று ஒரு எண்ணைக் காட்டி மனதை நோகடிக்கும்.

சொந்தமாக எழுதும்போது, முதலில் அசையாமல் நிற்கவைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பயமில்லாமல் எவ்வளவு சாய முடிகிறதோ, இருபுறமும் மும்முறை சாயச் சொல்லி, அதில் 80 சதவீதத்தைத் திரையின் ஓரமாக வையுங்கள். நோயாளி சாய்ந்து திரையிலுள்ள இலக்கைத் தொட்டதும் புள்ளி தராதீர்கள். 3 விநாடி நின்றால்தான். இல்லையென்றால் உடம்பை ஆட்டியே ஜெயித்துவிடுவார்கள். பக்கத்திலுள்ள பிடிமானக் கம்பியைப் பிடித்து ஏமாற்றினால் மொத்த எடை குறையும். முதலில் குறித்த எடையில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் புள்ளியை நிறுத்துங்கள், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். இடுப்பை நகர்த்தாமல் தோளை மட்டும் சாய்ப்பதைப் பலகையால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தொழில்நுட்பத் தொல்லைகளும் உண்டு. ஒவ்வொரு சென்சாருக்கும் 0, 17, 34 கிலோவுக்கான அளவுகள் பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும். அவற்றைப் படிக்காமல் நேரடி எண்ணை எடுத்தால் மூலைக்கு மூலை கணக்கு மாறும். பழைய பலகையில் பூஜ்யம் நகர்ந்திருக்கும், அதாவது யாரும் ஏறாதபோதே ஏதோ ஒரு எடையைக் காட்டும்; ஆள் ஏறுமுன் சரிசெய்யுங்கள். விநாடிக்குச் சுமார் 100 அளவுகள், சீரற்ற இடைவெளியில் வரும். பத்தின் சராசரி போதும். ஐம்பது எடுத்தால் கால் விநாடி தாமதமாகி, நோயாளி இலக்கைத் தாண்டிப் போய்விடுவார். புளூடூத் இணைப்பு கணினியில் அடிக்கடி அறுந்துபோகும். இணைக்கும் சிவப்புப் பொத்தான் பேட்டரி மூடிக்குள் இருப்பதால் ஒவ்வொரு முறையும் பலகையைக் கவிழ்க்க வேண்டும்.

கம்பளத்தின் மேல் வைக்காதீர்கள். உயரம் சுமார் 5 செ.மீ.; முன்பாதம் தூக்க முடியாதவர்களுக்கு அதுவே தடுக்கும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும். செங்குத்து விசையை மட்டுமே அளப்பதால், நடைப் பயிற்சிக்கு இதை வாங்கிப் பயனில்லை.