பக்கச்சுவரா, தூர்வாரலா, மாற்று மனையா?

2021 நவம்பர் மழையில் குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் உபரிநீர் குழித்துறை தாமிரபரணியில் கரைபுரண்டபோது வைக்கல்லூர், மங்காடு பகுதிகளில் வீடுகள் மூழ்கின. அதே நாட்களில் நாகர்கோவிலைச் சுற்றிலும் குடியிருப்புகளுக்குள், குளம் நிறைந்து வழியும் மறுகால் நீரும், சானல் எனப்படும் பாசனக் கால்வாயின் கரை உடைந்து வந்த நீரும் புகுந்தன. ஊராட்சிகள் முன் இன்று மூன்று வழிகள் பேசப்படுகின்றன. இரண்டு வெள்ளத்துக்கும் ஒரே மருந்து போதாது.

ஆற்றின் பக்கச்சுவரைத்தான் மக்கள் முதலில் கேட்கிறார்கள். கரை அரிக்கும் வளைவுகளில் அது தேவைதான். ஆனால் தெருவில் பெய்யும் மழை ஆற்றுக்கு இறங்கும் வழியையும் அச்சுவர் அடைத்துவிடும். ஆற்று நீர் உள்ளே ஏறாதபடி அடைப்புக் கதவுடன் வடிகால் வைக்காவிட்டால் வீட்டுக்குள் நிற்பது ஊர்த் தண்ணீராக இருக்கும். எதிர்க்கரையின் தாழ்ந்த வீடுகளில் கூடுதலாக ஏறும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குளம் தூர்வாருவதை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். எனினும் வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் அதைச் செய்யும்போது ஓர் உண்மை விடுபட்டுப் போகிறது. குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. ஆனிச் சாரலிலிருந்தே நீர் பெறும் குளம் ஐப்பசியில் விளிம்புவரை நிற்குமானால், எத்தனை அடி ஆழப்படுத்தியிருந்தாலும் அடுத்த பெருமழைக்கு அதில் இடம் இருக்காது. அப்போது வீடுகளைக் காப்பது மறுகால் ஓடையின் அகலமே. அந்த ஓடையோ, நெல் விளைந்த ஏலாக்கள் (வயல்வெளிகள்) மனைகளாக மாறிய இடங்களில், ஒரு ஆள் தாண்டிவிடும் வாய்க்காலாகக் குறுகி, ஒற்றைக் குழாய்ப் பாலத்தில் வாழைச்சருகும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்துக் கிடக்கிறது. ஆகவே குளத்துக்குள் இயந்திரத்தை இறக்குமுன் மறுகாலிலிருந்து, நாகர்கோவில் பக்கம் ஓடும் பழையாறுவரை ஓடையை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். குளத்து ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் கைவசம் உள்ளது.

மாற்று மனை கடைசி வழி. வைக்கல்லூரில் என் அத்தை வீட்டுச் சன்னல் படிக்கு மேல் வெள்ளம் விட்டுச்சென்ற செம்மண் கோடு, இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் ஈரக் காலத்தில் தெளிகிறது. அத்தகைய வீடுகளுக்குச் சுவரோ ஓடையோ பயன்படாது. ஆயினும் மனை அதே ஊரின் மேட்டுப் பகுதியில் கொடுக்கப்பட வேண்டும். தொலைவில் கொடுத்தால் கூலி வேலைக்காகக் குடும்பங்கள் மீண்டும் ஆற்றங்கரைக்கே வந்துவிடும்.

என் வரிசை இது: முதலில் மறுகால் ஓடை, அடுத்து தாழ்ந்த வீடுகளுக்கு மனை, வடிகால் கதவு இணைந்த திட்டமானால் மட்டும் பக்கச்சுவர். ஓடையை அளக்கும் வேலை சித்திரையில் தொடங்கினால்தான் ஐப்பசிக்கு முன் முடியும்.